ஒரே நூலில் தைத்த இரண்டு புத்தகங்கள்

மயிலாப்பூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தாகிவிட்டது. பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்பியிருந்தார்கள். பித்தளை அண்டா, ஊஞ்சல் சங்கிலி, பல்லாங்குழி, ஓலை விசிறி. கடைசியாக இறங்கியது அத்தையின் டிரங்குப் பெட்டி. மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் பழைய காகிதமும் கலந்த நெடி குப்பென்று வந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டிய மருமான் மட்டும் பெட்டியருகே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

புடவை, நகை என்று எதுவும் இல்லை. ஒரு ஜோடி ஜால்ரா, துருத்தி கிழிந்த சுருதிப் பெட்டி, ஒரு கனத்த புத்தகம், அவ்வளவுதான். புத்தகம் பாபநாசம் சிவனின் ‘கீர்த்தனை மாலை’. கையில் எடுத்தபோது அடியில் இன்னொன்றும் சேர்ந்தே வந்தது. கறுப்பு நூலால் கோணி ஊசி போட்டுத் தைத்திருந்தாள் அத்தை. மேலே ராகம், தாளம், சுரக்குறிப்போடு கீர்த்தனைகள். அடியில், மடித்தால் ஒடிந்துவிடும் பழுப்பேறிய தாளில், ‘ஹரிதாஸ்’ படத்தின் பாட்டுப் புத்தகம்.

இப்போதைய பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் என்றால் விளக்க வேண்டியிருக்கும். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிய புத்தகம் அது. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், கதை சூடு பிடிக்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித் திரையில் காண்க’ என்று ஒரு வரி, பிறகு பாட்டுகள். படம் பார்க்கக் காசில்லாதவர்கள்கூடப் பாட்டுப் புத்தகம் வாங்கினார்கள். மெட்டு எப்படியும் எங்காவது ஒரு காபி கிளப்பின் இசைத்தட்டிலிருந்து காதில் விழுந்துவிடும்.

அத்தை ஏன் இரண்டையும் சேர்த்துத் தைத்தாள்? தாத்தாவுக்குப் பயந்துதான்.

தாத்தாவுக்குச் சினிமா ஆகாது. பாவாடை தாவணி வயதில் இருந்த அத்தையை, கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டு மாமி டிராமில் ஏற்றிப் பிராட்வே தியேட்டருக்கு அழைத்துப்போனாள். 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்ட படம். எம்.கே. தியாகராஜ பாகவதரும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தது, ஜி. ராமநாதன் இசை; பாட்டுகள் பாபநாசம் சிவன். படம் வெளியான சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்தது. பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். கதாநாயகன் சிறையில் இருக்க, படம் கொட்டகையை விட்டு நகரவில்லை. 1947இல் பாகவதர் வெளியே வந்தபோது தமிழ்ச் சினிமாவின் காற்றே மாறியிருந்தது. அவர் பாடிய ‘மன்மத லீலையை’ மட்டும் மாறவில்லை.

தாத்தா காலையில் பூஜையில் உட்கார்ந்ததும் முதலில் பாடுவது ஹம்ஸத்வனியில் ‘மூலாதார மூர்த்தி’. அதுவும் சிவன் பாட்டுத்தான். பூஜை அறையில் மணியோடு ஒலித்ததும், வீட்டுக்குள் நுழையக்கூடாதென்று தடை போட்டதும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. “தாத்தாவுக்கு அது தெரியாதா அத்தே?” என்று மருமான் சின்ன வயதில் கேட்டதுண்டு.

“தெரியாம என்னடா? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருப்பார். அந்தக் காலத்துப் பெரியவாளுக்கு அது கைவந்த கலை.”

அத்தை சபாவில் கச்சேரி செய்தவள் இல்லை. அந்தத் தெருப் பெண்களுக்கும், அவர்கள் கல்யாணமாகிப் போன பிறகு அவர்கள் பெற்ற பெண்களுக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். சம்பளம் என்று கேட்டதில்லை. விஜயதசமிக்குத் தட்டில் வருவதுதான். வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி, அதன் மேல் ஒரு ரூபாய் நோட்டு. அவளுடைய பாடத்திட்டம் முழுக்கச் சிவன் பாட்டுகள். “தியாகையர்வாள் கீர்த்தனை கத்துக்கணும்னா தெலுங்கு தெரிஞ்சிருக்கணும். இங்கே யாருக்கு என்ன தெரியறது? அர்த்தம் புரிஞ்சு பாடட்டும்” என்பாள்.

அவள் சொல்லித்தான் மருமானுக்குச் சிவன் கதை தெரியும்.

1890இல் தஞ்சை ஜில்லாப் போலகத்தில் பிறந்தவர். ராமையா என்று அழைத்தார்கள். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட, தாயார் யோகாம்பாள் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அரண்மனையைச் சார்ந்து பல தமிழ்க் குடும்பங்கள் பிழைத்த ஊர் அது. ராமையா அங்கே மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் படித்துத் தேறினார். பிற்காலத்தில் ஒரு வடமொழி அகராதியே தொகுத்தார் என்றால் அந்தப் படிப்பின் அடித்தளம் புரியும். இசையை முறையாகக் குருகுலத்தில் இருந்து கற்றவர் இல்லை. அங்கே நீலகண்ட சிவனின் பஜனைக் கோஷ்டியில் பின்பாட்டுப் பாடிப் பாடிக் காதில் ஏற்றிக்கொண்டதுதான் அதிகம். தாயார் 1910இல் மறைந்த பிறகு, தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாக நடந்தார். போன இடமெல்லாம் பஜனை. திருவாரூரில் சுவாமி புறப்பாட்டைப் பார்த்துக் குந்தலவராளியில் ‘உன்னைத் துதிக்க’ என்று பாடியது முதல் பாட்டு. அண்ணா பாபநாசத்தில் இருந்ததால் அவரும் அங்கே தங்கினார். உடம்பெல்லாம் விபூதி பூசிய அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிவன் என்றார்கள். ஊரும் கோலமும் சேர்ந்து பெயராகிவிட்டன. 1930களில் சென்னைக்கு வந்து மயிலாப்பூர்வாசி ஆனார்.

மயிலாப்பூருக்கு அவர் கொடுத்தது மார்கழி. விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளையும் பாடிக்கொண்டே சுற்றுகிற பஜனையைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அத்தை பெண்ணாக இருந்தபோது அந்தக் கோஷ்டிக்குப் பின்னால் நடந்தவள்.

மருமானுக்கு அந்தக் கோஷ்டியோடு நடக்கிற வயது வந்தபோது சிவன் இல்லை. 1973இல் காலமாகிவிட்டார். பஜனை நிற்கவில்லை, குடும்பத்தாரும் சீடர்களும் தொடர்ந்தார்கள். நாலரை மணிக்கு அத்தை போர்வையை உருவிவிடுவாள். தலைக்கு மங்கி குல்லாய், கழுத்தில் மப்ளர், கையில் ஜால்ரா. அந்த ஜால்ராதான் பெட்டியில் இருந்தது. வடக்கு மாட வீதியில் திரும்பும்போது சாணம் தெளித்த தரையின் ஈரமும் பால் காய்ச்சுகிற வாசனையும் சேர்ந்து வரும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் மாமிகள் குனிந்த நிலையிலேயே ஒரு கையைத் தூக்கி, ‘இந்தப் பக்கமாப் போங்கோ’ என்று காட்டுவார்கள். கோஷ்டி பாட்டை விடாமல் கோலத்தைச் சுற்றி வளைந்து போகும். தெரு நாய் ஒன்று கூடவே வந்து, தெற்கு மாட வீதி முனையில் தன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். முடிவில் தொன்னையில் வெண்பொங்கல். பாதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் வந்தார்கள். மருமானும் அந்தப் பாதியில் சேர்த்திதான்.

இப்படி நடந்துகொண்டே பாடிய பாட்டுகளில் ஒரு விசேஷம் உண்டு என்பது அத்தையின் கட்சி. அதைத் தன் வகுப்பில் சோதித்தும் காட்டுவாள். பாட்டு ஓரளவு மனப்பாடம் ஆனதும் பெண்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போவாள். “உக்காந்துண்டு யார் வேணும்னாலும் பாடலாம். நடந்துண்டே பாடு, பார்ப்போம்.” கைப்பிடிச் சுவர் ஓரமாக, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, வடாம் காயும் பாயைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் வரிசையாகப் பாடிக்கொண்டு நடப்பார்கள். தாளம் கையில் இல்லை, காலில். மூச்சு எங்கே வாங்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. சொல் முடிகிற இடத்தில் தாளம் இடம் கொடுக்கும். அங்கே மூச்சு தானாக வந்துவிடும். வேறு சிலருடைய உருப்படியை அதே மாதிரி நடந்து பாடினால் சொல் நடுவில் முறியும், அல்லது மூச்சு முட்டும். கீர்த்தனை மாலையின் ஓரங்களில் அத்தை பென்சிலால் சின்னச் சின்னச் சாய்கோடுகள் போட்டிருக்கிறாள். மருமான் அவற்றை ஏதோ சுரக்கணக்கு என்று நினைத்திருந்தார். விரல் வைத்துப் பார்த்தால் எல்லாம் மூச்சுக் கோடுகள். ‘கற்பகமே’ பக்கத்தில் ஒரு வரி எழுத்தும் உண்டு: ‘மேலே போகும்போது அவசரப்படாதே’. எந்த மாணவிக்கோ எழுதியது.

தெருவில் நிற்கிறவனும் கூடப் பாட வேண்டும் என்பதற்காகச் செய்த பாட்டுகள் அவை. அவற்றின் புகழுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று சொன்னால் வித்துவான்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் மேடையில் பெரிதாக எடுத்துப் பாடுகிற ‘காணக் கண் கோடி’யே தெருவில் பிறந்ததுதானே? பங்குனித் திருவிழாவில் கபாலி வீதியுலா வரும் காட்சிக்குக் காம்போதியில் செய்த பாட்டு அது. மூன்றாம் நாள் விடிகாலையில் அதிகார நந்தி புறப்படும்போது ராஜகோபுரத்தின் எதிரே இன்றும் போய் நிற்கலாம். வெள்ளி நந்தி, மாலைகளின் குவியல், முண்டியடிக்கிற கூட்டம், தோளில் ஏறிய குழந்தைகள். சுவாமி வாசலைத் தாண்டி வரும் அந்தச் சில நிமிடங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாது. அந்தத் திண்டாட்டம்தான் பாட்டு. மதுரை மணி ஐயர் அதை ஊரெல்லாம் பாடிப் பரப்பினார். அவர் பாடி வானொலியில் வந்தபோது அத்தை அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவாளாம். குழம்பு பொறுக்கும், மணி ஐயரின் சுரம் பொறுக்காது.

வராளியில் ‘கா வா வா’, ரீதிகௌளையில் ‘தத்துவம் அறிய தரமா’, கீரவாணியில் ‘தேவி நீயே துணை’, சண்முகப்பிரியாவில் ‘சரவணபவ எனும்’, ஹம்ஸானந்தியில் ‘ஸ்ரீநிவாச திருவேங்கட’ என்று மேடையில் நிலைத்தவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இரண்டாயிரத்துக்கும் மேல் எழுதினார் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மேடையில் புழங்குவது அதில் ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதிக்கும் ஒவ்வொன்றாக வழி திறந்தவர்கள் வெவ்வேறு பேர். டி.கே. பட்டம்மாள் அவரிடமே நேரில் பாடம் செய்து மேடையேற்றினார். கலாக்ஷேத்திரத்தில் சிவன் கற்பித்த காலம் ஒன்று உண்டு. நடனத்துக்கு அவர் கொடுத்தவையும் நின்றன. கமாஸில் ‘இடது பதம் தூக்கி’யும் நாட்டைக்குறிஞ்சியில் ‘சுவாமி நான் உந்தன் அடிமை’ வர்ணமும் இல்லாத நாட்டியப் பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1940களின் தமிழ் இசை இயக்கமும் ஒரு வாசல். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானம், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். கச்சேரி முழுக்கத் தமிழில் பாட உருப்படிக்கு எங்கே போவது என்று எதிர்க்கட்சி கேட்ட கேள்விக்குச் சிவனின் புத்தகம் ஒரு பதிலாக இருந்தது. ஒரு பக்கம் தமிழ்த் தியாகையர் என்று கொண்டாடினார்கள். இன்னொரு பக்கம் அந்தத் தமிழ்த் தியாகையரின் பாட்டுகளைத் தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள். துக்கடா என்று அதற்குப் பெயர். ஆனால் துக்கடாவுக்குத்தானே ஜனம் காத்திருக்கும்! தனி தொடங்கியதும் எழுந்து காண்டீனுக்குப் போகிறவர்கள், துக்கடாவுக்குச் சரியாகத் திரும்பி வந்துவிடுவார்கள்.

வீடுகளில் இந்தப் பாட்டுகள் வளர்ந்த கதை தனி.

பெண் பார்க்க வருகிற வழக்கம் இருந்த காலம். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி, நமஸ்காரம் எல்லாம் ஆனதும் பிள்ளையின் தாயார் கேட்பாள், “பொண்ணு பாடுமோ?” பாயை விரித்து, சுருதிப் பெட்டியை வைத்து, தலையைக் குனிந்து பாட வேண்டும். எந்தப் பாட்டு என்பதை வீட்டுப் பெரியவர்கள் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். நீளமாக இருக்கக் கூடாது, சோகமாக இருக்கக் கூடாது, சுவாமி பேர் வர வேண்டும். அத்தைக்கு அப்படி ஒரு சாயங்காலம் வந்தது. தாத்தா குறித்துக் கொடுத்த பாட்டை விட்டுவிட்டு, நவரச கன்னடாவில் ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’ என்று ஆரம்பித்துவிட்டாள்.

அம்பாளைப் பார்த்து ஒரு ஜீவன் கேட்கிற கேள்வி அது. அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி அது எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று நினைத்தால் மருமானுக்கு இன்றும் சிரிப்பு வரும். வந்தவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை. “பேஷ், நல்ல ஞானம்” என்று பிள்ளையின் மாமா தொடையில் தாளம் போட்டாராம். தாத்தாவுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் சீர் விஷயத்தில் தட்டிப்போயிற்று. அதற்குப் பிறகும் சில சாயங்காலங்கள் வந்தன, பிறகு வரவில்லை. இந்தக் கதையை அத்தை வருத்தத்தோடு சொல்லி மருமான் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அந்தப் பாட்டை ஒரு முறை முணுமுணுப்பாள், அவ்வளவுதான். இன்று பிள்ளையும் பெண்ணும் காபிக் கடையில் சந்தித்துப் பேசி முடித்துவிடுகிறார்கள். பாடச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அந்த அளவுக்கு உலகம் தேறியிருக்கிறது.

நவராத்திரியில் கொலுப் பாட்டு. பட்டுப் பாவாடையும் குஞ்சலமும் வைத்து வந்து நிற்கிற பெண் குழந்தையிடம் “ஒரு பாட்டுப் பாடிட்டுச் சுண்டல் வாங்கிக்கோ” என்றால், பத்தில் பாதி ‘கற்பகமே’தான். மத்யமாவதி, மங்களமாக முடிக்கிற ராகம். அதைப் பாடிவிட்டால் கொலுவுக்கு வந்த வேலை முடிந்த மாதிரி. எந்த வீட்டில் என்ன சுண்டல் என்று விசாரித்துவிட்டு, பாட்டின் நீளத்தை அதற்கேற்ப முடிவு செய்கிற குழந்தைகளும் இருந்தார்கள். காராமணி என்றால் பல்லவி, பட்டாணி என்றால் அனுபல்லவியும் சேர்த்து.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது காபியில் ‘என்ன தவம் செய்தனை’. யசோதையைப் பார்த்து ஊரே கேட்கிற கேள்வி. பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் நடுவராக உட்கார்ந்திருந்த அத்தை, ஒரு வருஷம் வரிசையாக வந்த பெண்கள் எல்லோரும் அதையே பாட, நிர்வாகியைக் கூப்பிட்டு, “அடுத்த வருஷம் இதைத் தவிர வேற பாட்டுன்னு போட்டுடுங்கோ, நான் என்ன தவம் செஞ்சேனோ!” என்றாள். வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் போட்டால் அவளும் அதைத்தான் பாடினாள். காபி ராகம் அப்படி. பயிற்சி இல்லாத குரலுக்கும் இடம் கொடுக்கும், தேர்ந்த குரலுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று காட்டும்.

மறுபடியும் தையலின் அடிப்பக்கத்துக்கு வர வேண்டும். சினிமாவை ஒதுக்கிவிட்டுச் சிவனின் புகழ் பெற்ற பாட்டுகளைக் கணக்கெடுக்க முடியாது. 1934இல் வந்த ‘சீதா கல்யாண’த்திலிருந்து தொடங்குகிறது அந்த உறவு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான ‘சேவாசதன’த்துக்கும் (1938), அடுத்து வந்த ‘சகுந்தலை’க்கும் (1940) பாட்டு எழுதியவர் சிவன். சேவாசதனத்தில் எம்.எஸ். பாடிய ஹிந்தோள ‘மாரமணன்’ கொட்டகையிலிருந்து நேரே கச்சேரி மேடைக்கு ஏறிவிட்டது. ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று பாகவதரின் பெரும் படங்களுக்கெல்லாம் வார்த்தை சிவனுடையது. எழுதியதோடு நில்லாமல் நடிக்கவும் செய்தார். 1936இல் ‘பக்த குசேலா’வில் குசேலர், 1939இல் ‘தியாகபூமி’யில் சம்பு சாஸ்திரி. கல்கியின் அந்தக் கதை ஆனந்த விகடனில் படத்தின் புகைப்படங்களோடு தொடராக வந்தது. படத்தைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. சம்பு சாஸ்திரியாக நடிக்கச் சிவனுக்குப் பெரிய ஒப்பனை ஒன்றும் தேவைப்பட்டிருக்காது என்பது அத்தையின் விமரிசனம்.

‘மன்மத லீலையை’ செய்த காரியம் இன்னும் பெரியது. சாருகேசி 26ஆவது மேளகர்த்தா. தியாகையர் அதில் ‘ஆடமோடி கலதே’ செய்திருக்கிறார். அப்படியிருந்தும் அந்த ராகம் பொதுஜனத்தின் காதுக்கு வந்தது பாகவதர் பாடிய பிறகுதான். ராகத்தின் பெயர் தெரியாதவர்கள் சைக்கிளில் போகும்போது சாருகேசியை விசிலடித்தார்கள். ராஜகுமாரி பறக்கவிட்ட முத்தத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. பாட்டின் முதல் இரண்டு சொல்லை 1976இல் கே. பாலசந்தர் ஒரு படத்துக்கே பெயராக வைத்தார். விபூதியும் ருத்திராட்சமுமாக மார்கழியில் மாட வீதி சுற்றியவரா மன்மதனைப் பற்றி இப்படி எழுதினார் என்று மூக்கில் விரல் வைத்தவர்கள் உண்டு. அத்தை வைக்கவில்லை. கபாலி கோயில் எழுந்த கதையே அம்பாள் மயிலாக வந்து புன்னை மரத்தடியில் தவம் கிடந்த காதல் கதைதான், அந்த ஊர்க்காரர் காதல் பாட்டு எழுதாமல் என்ன செய்வார் என்று கேட்பாள்.

விருதுகள் கடைசியில்தான் வந்தன. சங்கீத வித்வத் சபை 1971இல் சங்கீத கலாநிதி கொடுத்தது. மறு வருஷம் மத்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது. அதற்கடுத்த வருஷம் அவர் இல்லை. மயிலாப்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த வழியாக ஆட்டோவில் போகிறவர்கள் சிலர் பாபநாசத்தையும் சிவபெருமானையும் சேர்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. பாட்டு அவ்வளவு தூரம் ஜனங்களோடு கலந்துவிட்டால் பாடியவர் பெயர் நிற்கும், நடித்தவர் பெயர் நிற்கும், எழுதியவர் பெயர் முதலில் உதிரும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பில், மைக்கைப் பிடித்தவர் ‘என்ன தவம் செய்தனை’யை ஊத்துக்காடு வேங்கட கவி பாட்டு என்று அறிவித்தார். கண்ணனைப் பற்றிய தமிழ்ப் பாட்டென்றால் ஊத்துக்காடுதான் என்று ஒரு வாய்ப்பாடு. பக்கத்தில் இருந்த மருமானின் பெண், “சொல்லட்டுமாப்பா?” என்று எழுந்தாள். அவர் தடுப்பதற்குள் மேடைக்குப் போய்ச் சொல்லியும்விட்டாள். அறிவித்தவர் சிரித்துக்கொண்டே மைக்கில் திருத்திச் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு கிழவர் வந்து, “பரவாயில்லையே, இந்தக் காலத்துக் குழந்தைக்குச் சிவனைத் தெரிஞ்சிருக்கே” என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அத்தை இருந்திருந்தால் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெண்ணும் பாட்டுக் கற்றவள்தான். சுருதிப் பெட்டி கைபேசிக்குள் வந்துவிட்டது. துருத்தி கிழியும் கவலை இல்லை. ஆசிரியை அமெரிக்காவில் இருந்து திரையில் சொல்லித்தருகிறார். ஏதாவது ஒரு சிவன் பாட்டைத் தேடினால் பட்டம்மாளிலிருந்து நேற்று வந்த பாடகர் வரை வரிசை கட்டி நிற்கிறார்கள். அத்தைக்கு ஒரு பாட்டைப் பிடிக்க வானொலி நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று காத்திருப்பு இல்லை. ஆனால் முழுப் பாட்டும் கேட்பது அரிதாகிவிட்டது. சரணங்களில் ஒன்றைப் பாடிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். சிவன் தம் முத்திரையாக வைத்த ‘ராமதாசன்’ வருகிற பாட்டுகளில், விட்டுப்போன சரணத்தோடு அந்தப் பெயரும் போய்விடுகிறது.

பாடகர்களில் சிலர் இப்போது சிவன் பாட்டைத் துக்கடாவிலிருந்து மேலே ஏற்றி, ராகம், நிரவல், சுரத்தோடு விரிவாகப் பாடுகிறார்கள். ‘கா வா வா’ அந்தச் சுமையைத் தாராளமாகத் தாங்குகிறது. ‘காணக் கண் கோடி’ தாங்கும் என்பதை மணி ஐயரே காட்டிவிட்டார். இன்னும் பல பாட்டுகள் கீர்த்தனை மாலையில் தொடப்படாமல் கிடக்கின்றன. பத்துப் பதினைந்து பாட்டிலேயே சுற்றிச் சுற்றி வருவது அவருக்கும் நியாயமில்லை, கேட்கிறவர்களுக்கும் நியாயமில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பாடுகிறவர்கள், பதிவேற்றுகிறவர்கள், கல்யாண மேடையில் மைக் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ராகத்தின் பெயரைச் சொல்லும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அது சினிமாப் பாட்டாக இருந்தாலும் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு ஒன்று: மார்கழியில் சென்னையில் இருந்தால் ஒரு நாளாவது சபா டிக்கெட்டை மறந்துவிட்டு, விடியுமுன் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போங்கள். சிவன் பஜனை இன்றும் நடக்கிறது. டிக்கெட் கிடையாது, பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.